ஓடிபி கேட்கும் ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அக்காவின் போன் இரண்டு தடவை சிணுங்கும். முதல் தடவை வருவது ஆறு எண்கள். இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கூடவே ஓர் எச்சரிக்கையும் இருக்கும். இரண்டாவது, வேறு ஊரில் இருக்கும் தம்பியிடமிருந்து. ஒரே ஒரு சொல்: ஓடிபி. எப்படி இருக்கிறாய் கிடையாது, சாப்பிட்டாயா கிடையாது. யாரிடமும் சொல்லக் கூடாத அந்த ஆறு எண்களை அக்கா அவனுக்கு அப்படியே அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாள். அவன் ‘சரி’ என்று எழுதுவான். அந்த வாரத்துக்கு அக்கா தம்பி உறவு அத்தோடு முடிந்தது.

“வந்துடுச்சா?” என்பார் அவளுடைய வீட்டுக்காரர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்ப்பவர். எத்தனை பேர் எத்தனை சுவரில் மோதப் போனாலும் குரல் உயராத மனிதர்.

“எது?” என்பாள் அக்கா, ஒன்றும் தெரியாதவள்போல.

“உங்க வீட்டு வாரப் பத்திரிகை.”

அவள் எழுந்து போய்விடுவாள். போனால் அடுப்படியில் ஒரு பாத்திரம் தேவைக்கு மேல் சத்தம் போடும்.

அக்கா என்று அவளை ஊரே கூப்பிட்டது. அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில், அவளைவிட வயதில் மூத்த முதலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பிறப்பிலேயே அந்த உரிமை வாய்த்தவன் ஒருவன்தான். அவன்தான் இரண்டு வருஷமாகக் கூப்பிடவில்லை.

அம்மா போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பில் இருந்தான். அப்பா இருந்தார், ஆனால் அவருக்கே சட்டை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். ஆகவே வீட்டில் எதற்கும் அக்கா என்றாயிற்று. கண்ணாடிக் கடையில் சேர்ந்து முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது ஒரு போன். வீட்டுக்கு அதுதான் முதல் போன், ஒரே போன். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. எதை எங்கே திறந்தாலும், எந்தப் பாரத்தில் எண் கேட்டாலும், அக்கா நம்பரைப் போடு. தம்பியின் தேர்வு முடிவு அந்த நம்பருக்கு வந்தது. கல்லூரி இடம் கிடைத்த செய்தி அந்த நம்பருக்கு வந்தது. அவன் முதல் மெயில் கணக்கைத் திறந்தபோதும் அந்த நம்பர்தான். அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, தம்பிக்கு வேலை கிடைத்து, வேறு ஊர் போய், கையில் ஒன்றுக்கு இரண்டு போன் வந்த பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவுமில்லை.

இத்தனைக்கும் அவன் வேலையே அதுதான். பெரிய ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் உதவிப் பிரிவு. பாஸ்வேர்டை மறந்தவன், பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துப் பூட்டிக்கொண்டவன், வீட்டு மடிக்கணினியில் திறக்கிறது ஆபீஸ் மேசையில் திறக்கவில்லை என்று அழுகிறவன், எல்லோருக்கும் அவன்தான் கதி. ஊருக்கெல்லாம் பூட்டுத் திறந்து கொடுத்தவன் தன் வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டான்.

நடந்தது இதுதான். ஒரு நாள் அவனிடமிருந்து ஓடிபி என்று செய்தி வந்தது. எண்களை அனுப்பப் போன அக்கா, வழக்கமில்லாத வழக்கமாக மேலே இருந்த வரியையும் படித்துவிட்டாள். ‘திருமணப் பதிவு விண்ணப்பத்துக்கான உங்கள் ஓடிபி.’ அவள் ஆறு எண்களை அனுப்பினாள். பிறகு கூப்பிட்டாள்.

“கல்யாணமா?” என்றாள்.

அந்தச் செய்தியில் காரணமும் சேர்ந்து வரும் என்பதை அவன் யோசிக்கவே இல்லை. ஆபீஸில் கூட வேலை செய்யும் பெண். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது சாப்பிடும் நேரத்தில் பேச்சை எடுத்திருக்கிறான். அக்காதான் அது காதில் விழாதவள்போல, தண்ணி வேணுமா என்று கேட்டாள். அவன் தண்ணீர் குடித்தான். பேச்சை அதோடு விட்டுவிட்டான்.

“சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா. நீ ஒத்துக்க மாட்டியோன்னு…”

“ஓடிபி அனுப்ப அக்கா வேணும். பக்கத்துல நிக்க வேணாம். அப்படித்தானே?”

“அப்படி இல்லக்கா.”

“இனிமே என்கூடப் பேசாத.”

கோபத்தில் யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதான். மறுநாளே மறந்துபோக வேண்டிய வார்த்தை. ஆனால் தம்பி சின்ன வயதிலிருந்தே அக்கா பேச்சைத் தட்டாதவன். பேசாதே என்றாள், பேசவில்லை. ஓடிபி மட்டும் கேட்டான். அதுவும் அந்த வெள்ளி இந்தச் செவ்வாய் என்றெல்லாம் இல்லாமல், கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று ஒரு நேரத்துக்கு வந்து நின்றது. வேறு நம்பருக்கு மாத்திக்கோ என்று அக்கா ஒரு தடவைகூட எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவுமில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

*

சனிக்கிழமை கடையில் கூட்டம். அக்காவின் இடம் பின்கட்டு. முன்னால் முதலாளி ஆட்களை உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார். பின்னால் அக்கா, வட்டமாக வரும் லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்து, விளிம்பை மழித்து, உள்ளே உட்கார வைப்பாள். தேய்க்கும் மெஷினுக்குக் கீழே ஒரு தொட்டி. லென்ஸின்மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும் தண்ணீர் அதில்தான் விழும். சாயங்காலத்துக்குள் அந்தத் தண்ணீர் லென்ஸ் தூளால் வெள்ளைக் கூழாகிவிடும்.

லென்ஸின் விளிம்பு சரியாக வந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். மேல்பையில் இருந்த போன் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

கையை விட்டு எடுத்துவிட்டாள். துணியால் துடைத்தாள். போன் ஒரு தரம் அதிர்ந்தது, பிறகு திரை கறுத்துவிட்டது.

மதியம் சாப்பாட்டுக்குப் போகாமல் தெருமுனைப் போன் ரிப்பேர்க் கடைக்கு ஓடினாள். அங்கே இருந்தவள் அக்காவின் வயதுக்காரி. சின்னத் திருகாணியைக் கழற்றும்போதே பேசுகிறவள்.

“என்ன குடிச்சிருக்கு இது? பாலா?”

“லென்ஸ் தூள்.”

“போர்டு போச்சு. பேசாம புதுசு வாங்கிக்கங்க.” சிம்மை நிமிண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். “இதென்ன, கத்தரிக்கோலால வெட்டியிருக்கு?”

அந்தக் காலத்துப் பெரிய சிம். புதுப் போனின் துளைக்குள் போவதற்காகத் தம்பிதான் ஒரு லீவு நாளில் கோடு போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அளவாக வெட்டிக் கொடுத்தான்.

“இதுவும் விரிசல் விட்டுருக்கு. படிக்க மாட்டேங்குது. கம்பெனி ஆபீஸ்ல இதே நம்பருக்கு வேற சிம் குடுப்பாங்க. திங்கக்கிழமைதான் திறப்பாங்க.”

“எனக்கு நாளைக்குச் சாயங்காலம் வேணுமே.”

“நாளைக்கு என்ன விசேஷம்?”

“என் தம்பி மெயிலைத் திறக்க ஓடிபி அனுப்பணும்.”

ரிப்பேர்க்காரி நிமிர்ந்து பார்த்தாள். “வாரா வாரமா? ஒரு தடவை உள்ள போயிட்டா அதே கம்ப்யூட்டர்ல திரும்பத் திரும்பக் கேக்காதே.”

“அவனுக்கு வேலையே அது. நிறைய கம்ப்யூட்டர்ல பாப்பான்.”

“அப்படின்னா தன் நம்பரையே போட்டுக்கலாமே. ஒரு நிமிஷ வேலை.”

“அவனுக்கு நேரம் இல்ல,” என்றாள் அக்கா. சொன்ன வேகத்தில் அவளுக்கே அது பொருந்தாத ஃப்ரேம்போலத்தான் பட்டது. ரிப்பேர்க்காரி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

புதுப் போனை வாங்கிக்கொண்டு திரும்பி நடக்கும்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. நாளைக்குச் சாயங்காலம் அவன் ஓடிபி என்று அனுப்புவான். பதில் போகாது. அவன் காத்திருப்பான். இத்தனை நாளில் ஒரு வாரம்கூட அவள் தாமதித்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் கண்ணை இடுக்கிக்கொண்டு அனுப்பினாள். பதில் வராவிட்டால் அவன் என்ன நினைப்பான்? அக்கா இதையும் நிறுத்திவிட்டாள் என்று நினைப்பான். சரி, இனித் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்துவிடுவான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் மற்றக் கிழமைகள்போல ஆகிவிடும். அக்காவுக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு பயம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று வியப்பாகவும் இருந்தது.

எப்படியாவது அவனுக்குச் சொல்லிவிட வேண்டும்.

*

சொல்வதற்கு நம்பர் வேண்டும். வேறு ஊருக்குப் போனபின் அவன் வாங்கிய நம்பர் அது. அவளுக்கு மனப்பாடம் கிடையாது. இந்தக் காலத்தில் யாருக்கு யார் நம்பர் தெரியும், போனுக்குத் தெரியும். அந்தப் போன் லென்ஸ் தூளைக் குடித்துவிட்டுச் செத்துக் கிடந்தது.

“உங்க போன்ல அவன் நம்பர் இருக்கா?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

“அன்னிக்கு என்ன சொன்னே? உங்க போன்லயும் அந்த நம்பர் இருக்கக் கூடாதுன்னே. நான் அழிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாத்தே.”

“நான் சொன்னா அழிச்சிடுவீங்களா?”

அவர் தன் போனைக் கையில் எடுத்தார். தம்பியின் ஆபீஸுக்குப் போட்டுப் பார்த்தார்கள். வேலை நாட்களில் அழைக்கவும் என்று ஒரு பதிவுக் குரல் பாடிற்று. வீட்டு விலாசம்? அதை அவள் கேட்டதே இல்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அவளுடைய மெயில் கணக்கில் எல்லா நம்பர்களும் பத்திரமாக இருக்கும் என்று தம்பி முன்பு சொல்லியிருக்கிறான். புதுப் போனில் வீட்டு வைஃபை போட்டு அந்தக் கணக்கைத் திறந்துவிட்டால் போதும். கணக்கின் பெயரை அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது.

தம்பி வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சின்ன வயதில் அவனை வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயரும் அவன் பிறந்த வருஷமும். அடித்தாள். தவறு என்றது. அப்போதுதான் நினைவு வந்தது. சண்டை நடந்த அன்றைக்கே அதை மாற்றியிருந்தாள். தன் மெயிலுக்கு அவன் செல்லப் பெயரையா வைத்துக்கொண்டிருப்பது என்று ஆத்திரத்தில் மாற்றினாள். போன் அதைத் தானே நினைவில் வைத்துக்கொண்டதால் பிறகு ஒரு நாளும் அவள் அடிக்க வேண்டி வரவில்லை. எதை வைத்தோம்?

“திட்டித்தான் ஏதோ வெச்சிருப்பேன்,” என்றாள்.

வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். “அன்னிக்கு நீ திட்டினது எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கு. ‘நன்றி கெட்டவன்’னே.”

அடித்தாள். இல்லை.

“‘நடிப்புக்காரன்’னே.”

இல்லை.

“‘பெரிய மனுஷன் ஆயிட்டான்’னே. அது நீளமா இருக்குமே.”

அதுவும் இல்லை. பல முறை தவறாக முயன்றுவிட்டீர்கள், சற்றுப் பொறுத்து வாருங்கள் என்று திரை அவர்களைத் திண்டாட வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதே கதைதான். பாஸ்வேர்டு ஞாபகம் வர வேண்டுமானால் அன்றைக்கு இருந்த கோபம் திரும்ப வர வேண்டும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கோபப்பட்டுப் பார்த்தாள். அந்தச் செய்தியை நினைத்துக்கொண்டாள், அந்த முதல் வரியை. பதிவு அலுவலகத்தில் யாரோ இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், அவளுக்குப் பதிலாக. நினைத்தால் கோபம் வரும் என்று பார்த்தால் வரவில்லை. அந்த இடத்தில் கோபம் எப்போதோ காலி செய்துகொண்டு போய்விட்டிருந்தது. போனது அவளுக்கே தெரியவில்லை.

“‘எனக்குத் தம்பியே இல்ல’ன்னும் ஒண்ணு சொன்னே,” என்றார் வீட்டுக்காரர், தயங்கித் தயங்கி.

அவள் அதை அடிக்கத் தொடங்கினாள். பாதி வந்ததும் விரல் நின்றுவிட்டது. அது சரியான பாஸ்வேர்டாக இருந்துவிட்டால்? அதை அடித்துத்தான் அவன் நம்பரை எடுக்க வேண்டுமானால்? எழுத்துக்களை ஒவ்வொன்றாக அழித்தாள்.

“இது வேணாம்,” என்றாள்.

*

வெயில் தாழ்ந்தபோதுதான் வீட்டுக்காரர் திரையின் அடியில் இருந்த சின்ன எழுத்தைக் கவனித்தார். வேறு வழியில் முயல்க. அதைத் தொட்டாள். முதல் வழி, உங்கள் நம்பருக்கு ஓடிபி. அந்த நம்பர் திங்கட்கிழமைவரை கிடையாது. இரண்டாம் வழி, மாற்று மெயிலுக்கு ஓடிபி. அந்த மெயில் முகவரியை முழுதாகக் காட்டாமல் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் காட்டி, நடுவில் நட்சத்திரங்களாகப் போட்டு மறைத்திருந்தார்கள். மறைத்து என்ன பயன்? அவளுக்கு அந்த இரண்டு எழுத்தே போதும். அது தம்பியின் மெயில்.

அவன் அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்த நாள் ஞாபகம் வந்தது. கடையின் பின்கட்டில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். “நான் மறந்துட்டா உனக்கு வரும். நீ மறந்துட்டா எனக்கு வரும். ரெண்டு பேரும் சேந்து மறந்தாத்தான் வம்பு.” பாஸ்வேர்டை மாற்றத் தெரிந்தவளுக்கு இதை மாற்றத் தெரிந்திருக்கவில்லை. இத்தனை நாளும் அவள் கதவின் மறுசாவி அவனிடமேதான் இருந்திருக்கிறது.

தொட்டால் போதும், அவனுக்குப் போய்விடும். ஆனால் தொட்டால் அவள் கேட்டதாகிவிடும். இத்தனை நாளும் கேட்டவன் அவன், கொடுத்தவள் அவள். கொடுக்கிறவளுக்கு ஒரு வசதி உண்டு. தலையைக் குனிய வேண்டாம். இப்போது அவள் கேட்க வேண்டும். வீம்பு லேசில் விட்டுவிடுமா? விரல் திரைக்கு மேலேயே நின்றது.

“பிரேக்லேந்து காலை எடு,” என்றார் வீட்டுக்காரர், பள்ளியில் சொல்லும் அதே குரலில். “வண்டி தானா நகரும்.”

தொட்டாள்.

ஓடிபி அனுப்பப்பட்டது, பத்து நிமிஷத்தில் காலாவதியாகும் என்றது. கீழே ஆறு கட்டங்கள் காலியாக நின்றன. அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது.

“அவன் எங்க அனுப்புவான்?” என்றாள்.

“உன் நம்பருக்குத்தான்,” என்றார். அந்த நம்பர்தானே செத்துக் கிடக்கிறது.

அதோடு போகவில்லை. இது அவன் ஓடிபி கேட்கும் நேரம். மெயிலுக்கு வெளியே நின்றுகொண்டு அவளுடைய ஆறு எண்களுக்காகக் காத்திருப்பான். வெளியே நிற்கிறவனுக்கு உள்ளே வந்த மெயில் எப்படித் தெரியும்? அவன் கதவுக்குச் சாவி அவளிடம், அவள் கதவுக்குச் சாவி அவனிடம், இரண்டு பேரும் வெளியே. ரெண்டு பேரும் சேந்து மறந்தாத்தான் வம்பு என்று சிரித்தானே, இதுதான் அந்த வம்பு.

பத்து நிமிஷம் ஓடிப்போயிற்று. அவள் மறுபடி அனுப்பு என்பதைத் தொட்டாள். மறுபடியும் தொட்டாள். பயன் இருக்குமென்று நம்பித் தொடவில்லை. அவன் இருக்கும் திசையில் தட்டுவதற்கு அவள் கையில் வேறொன்றும் இல்லை. “நான் அனுப்பாம இல்லடா,” என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். வீட்டுக்காரர் எழுந்து பால்கனிக்குப் போனார். அவள் அழுவதைப் பார்த்தும் பார்க்காதவர்போல இருப்பதற்கு அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

அங்கேதான் அவருடைய போன் அடித்தது. பெயரில்லாத நம்பர். நாளைக்கு வகுப்புக்கு வர முடியாது என்று சொல்லும் ஏதோ ஒரு மாணவராக இருக்கும் என்று எடுத்தார்.

“சொல்லுங்க… ஆமா… இருக்கா. இங்கதான் இருக்கா. நல்லாத்தான் இருக்கா.” உள்ளே வந்து போனை நீட்டினார். முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு. “உனக்குத்தான்.”

அவள் காதில் வைத்தாள்.

“அக்கா,” என்றது போன்.

இந்த வீட்டில்தான் அவன் நம்பரை அழித்தார்கள். அவன் யாருடையதையும் அழித்திருக்கவில்லை.

“நாலு, ஏழு, ஏழு, ரெண்டு, பூஜ்யம், ஒம்போது,” என்றான் அவசரமாக. “கடைசியா வந்தது இதுதான். முன்ன வந்ததெல்லாம் செல்லாது. உனக்கு அனுப்பிப் பாத்தேன்க்கா, ஒத்த டிக்கோட நின்னுடுச்சு. போட்டா ஸ்விட்ச் ஆஃப். மெயில்ல பாத்தா வரிசையா ஓடிபியா வந்து விழுது. பயந்துட்டேன்.”

“மெதுவாச் சொல்லு.”

மெதுவாகச் சொன்னான். அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். ஏழு என்பதை ஒரு தடவை கூடுதலாக அடித்து, அழித்து, திரும்ப அடித்து முடிப்பதற்குள் காலாவதி என்றது.

“இன்னொண்ணு அனுப்பறேன்,” என்றாள். அனுப்பிவிட்டு, கேட்க வேண்டியது திடீரென்று நினைவுக்கு வந்தது. “நீ உள்ளயா இருக்க?”

“எதுக்குள்ள?”

“மெயிலுக்குள்ள. நான் ஓடிபி அனுப்பவே இல்லையே. இல்லாம எப்படி உள்ள போனே?”



“போன்ல நான் எப்பவும் உள்ளதான்க்கா இருக்கேன்.”

“அப்ப வாரா வாரம் கேட்டது?”

“கம்ப்யூட்டர்ல வேணும்னே வெளிய வந்துட்டு மறுபடி உள்ள போவேன்.”

“எதுக்குடா?”

“நீதானே பேசாதன்னு சொன்னே,” என்றான். “ஓடிபி கேக்காதன்னு சொல்லலையே.”

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக அவள் கவிழ்த்து வைத்த போனுக்கு மறுபக்கத்தில் அவன் வாரம் தவறாமல் தன்னைத் தானே வெளியே தள்ளிக்கொண்டு, கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அவளும் வாரம் தவறாமல் திறந்துவிட்டிருக்கிறாள், யாருக்குத் திறக்கிறோம் என்று எட்டிப் பார்க்காமலே. அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆறுதலாக இருந்தது.

“அக்கா? புதுசு வந்துடுச்சு. சொல்லட்டா?”

“சொல்லு.”

இந்தத் தடவை கட்டங்கள் ஆறும் நிரம்பின. கணக்கு திறந்தது. திறந்ததும் புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது.

“முன்ன நான் வெச்சுக் குடுத்தேனே, அதையே போடு,” என்றான். அவனுடைய செல்லப் பெயர். அவள் அடித்தாள்.

“ஒத்துக்க மாட்டேங்குது. பழசு வேணாமாம்.”

“அப்ப புதுசா ஏதாவது போடுக்கா. யாரும் யூகிக்க முடியாததா.”

அவள் காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தாள். தண்ணி வேணுமா என்று கேட்ட அன்றைக்கு அவன் ஒரு பெயரைச் சொன்னான். அது அவள் காதில் நன்றாகவே விழுந்திருந்தது. அதற்கப்புறம் இந்த வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“உன் வீட்டுக்காரி பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?” என்று கேட்டாள்.

அவன் பதில் சொன்னபோது குரல் சரியாக இல்லை. “பாஸ்வேர்டை போன்ல சொல்லக் கூடாதுக்கா. ஆபீஸ்ல நாள் பூரா இதைத்தான் சொல்றேன்.”

“ஆபீஸ்ல சொல்லு. எனக்கு எழுத்தைச் சொல்லு.”

அவன் எழுத்தெழுத்தாகச் சொன்னான். நடுவில், யார் என்று ஒரு பெண் குரல் தூரத்திலிருந்து கேட்டது. “அக்கா,” என்றான் அவன் அந்தப் பக்கம் திரும்பி. அக்கா அந்தப் பெயரை அடித்தாள். உறுதி செய்ய இன்னொரு முறை அடியுங்கள் என்றது. இரண்டாம் முறை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

“ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் கறாராக்கிக்கொண்டாள். “இதோ பாரு. சிம் நாளைக்குத்தான் கிடைக்கும். கிடைச்சாலும் இனிமே ஓடிபி எல்லாம் அனுப்பிட்டு இருக்க முடியாது என்னால.”

“சரிக்கா, நான் என் நம்பருக்கு மாத்திக்கறேன்,” என்றான், குரல் இறங்கிப்போய்.

“மாத்தச் சொன்னேனா? அந்த நம்பர் அப்படியே இருக்கட்டும். ஓடிபி வேணும்னா நேர்ல வந்து வாங்கிக்கோ. அவளையும் கூட்டிட்டு வா.”

“சரி,” என்றான்.

வாரா வாரம் அவன் எழுதி அனுப்பும் அதே சொல்தான். அவன் வாயால் சொல்லிக் கேட்டு அவளுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

“என்ன? சரியாக் கேக்கல,” என்றாள் அக்கா.